செங்கச்சூளையோடு நின்ற ரயில்

இந்தப் பக்கமா வந்து உக்காருங்க தம்பி, அங்க வெயில் சுள்ளுன்னு அடிக்கும். பையை மேல வைக்காதீங்க. டிரைவர் பிரேக் போட்டாம்னா தலையில வந்து விழும். பிரேக் எங்க போடப் போறான், வண்டி ஓடினாத்தான.

ரயில்ல இருந்து இறங்கித்தான வாறீங்க? பாத்தேன். புதுசா வாறவங்க எல்லாரும் செய்யதைத்தான் நீங்களும் செஞ்சீங்க. பிளாட்பாரத்துக் கடைசி வரைக்கும் நடந்து போயி, தண்டவாளம் அதுக்கு மேல எங்க போவுதுன்னு எட்டிப் பாத்தீங்க. எங்கயும் போகலை. மணல்மூட்டையை அடுக்கி, செவப்புப் பலகையை நட்டு, முடிச்சுட்டாவ. சுத்திப் பாத்தா சூளையும் கருவேலமரமும். ஊரு எங்கன்னு கேட்டா பஸ்ல ஏறுங்கன்னு சொல்லுதாவ.

ரயில் ஏன் இங்கயே நின்னுபோச்சுன்னு கண்டக்டர்கிட்ட கேட்டீங்கள்லா? அவனுக்கு என்ன தெரியும், மாத்தலாகி வந்து ஒரு மாசம் இருக்குமா. என்கிட்ட கேளுங்க. இந்த ரயில் வந்ததே என்னாலதான். என் பேரு தெய்வசிகாமணி. சந்தைமுக்குல சிவகாமி மகால்னு கல்யாண மண்டபம் இருக்குல்லா, அது நம்மளுதுதான். பழைய ரயில் பாதை மீட்புக் குழுவுக்கு நிறுவனத் தலைவர். ரயில் நின்னதும் உம்மாலதான்னு சில பேரு சொல்லுவாவ. அதை நான் ஒத்துக்கிட மாட்டேன். முழுக்கக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க. நேரம் கெடக்கு. பெரியபாலம் தாண்டதுக்கே முக்கா மணி நேரம் ஆவும்.

எப்படி ஆரம்பிச்சுதுன்னா, ஒரு கல்யாணத்துல ஆரம்பிச்சுது. பொண்ணு வந்தாச்சு, ஐயர் வந்தாச்சு, நாதஸ்வரக்காரர் வாசிச்சு வாசிச்சுக் களைச்சுப் போயிட்டாரு. மாப்பிள்ளையக் காணோம். பெரியபாலத்துல வண்டி மாட்டிக்கிட்டு. முன்னால ஒரு சிமெண்ட் லாரி, பின்னால மூணு பஸ்ஸு, நடுவுல மாப்பிள்ளை. முகூர்த்தம் முடியப் போவுது. பொண்ணோட தாய்மாமன் என் சட்டையப் பிடிக்காரு. ரோட்டுல வண்டி நின்னா மண்டபக்காரன் என்ன செய்வான், சொல்லுங்க. கடைசியில மாப்பிள்ளை பட்டு வேட்டியோட, மீன் விக்கப் போற ஒருத்தன் வண்டியில பின்னால உக்காந்து வந்து சேந்தாரு. மடியில மீன் பெட்டி. ஐயர் மூக்கைப் பொத்திக்கிட்டே மந்திரம் சொன்னாரு.

அன்னைக்கு யோசிச்சேன் தம்பி. ரோட்டை அகலமாக்க முடியாது. ரெண்டு பக்கமும் கடை, வீடு, ஆஸ்பத்திரி. புதுப் பாலம் கட்டணும்னா எங்க கட்டுவீங்க? ஆனா ஊருக்குக் குறுக்க ஒரு பாதை சும்மா கெடக்கு. மில் லைன்னு சொல்லுவோம். அந்தக் காலத்துல முள்ளிவிளையில இருந்து பஞ்சு மூட்டையும் ஆளுகளையும் ஏத்திக்கிட்டு சந்தைமுக்கு வரைக்கும் ரயில் வரும். மில்லை மூடினாவ, ரயிலையும் நிறுத்திட்டாவ. தண்டவாளம் பாதி மண்ணுக்குள்ள, பாதி காயலான் கடையில. அந்தப் பாதையில திரும்ப ரயில விட்டா ஊரு மூச்சு விடும்லா? ஒரு ரயில்ல வாற ஆளை ரோட்டுல கொண்டு வரணும்னா எத்தனை பஸ் வேணும்! வெளிநாட்டுல எல்லாம் இப்படித்தான் பழைய பாதையத் தோண்டி எடுத்து ஓட்டுதாவ. கூட்டம் கூட்டமா இதை விளக்கினேன். சந்தைமுக்குல ரயில் நிக்கும், இறங்கினா எதிர்த்தாப்புல சிவகாமி மகால். மாப்பிள்ளை நேரா மணமேடைக்கு வந்துடலாம். அதை நான் மேடையில சொல்லலை. பொதுக் காரியத்துல சொந்த லாபத்தைக் கலக்கப்பிடாது.

ஏழு வருஷம் அலைஞ்சேன் தம்பி. ஆர்ப்பாட்டம், மனு, கையெழுத்து இயக்கம். பெரியபாலத்துக்கு அடியில ஒருநாள் அடையாள உண்ணாவிரதம். காலை டிபனுக்கு மேல ஆரம்பிச்சு சாயங்காலக் காப்பிக்கு முடிச்சோம், ஆனா வெயிலு சரியான வெயிலு. கூட்டத்துக்கு ஆள் வேணும்லா? நம்ம மண்டபத்துல மாடத்தின்னு ஒருத்தி காய்கறி நறுக்குவா. கையி அப்படி ஓடும். ஆயிரம் பேரு சமையலுக்கு அவளும் அவ கூட நாலு பேரும் போதும். அவகிட்டச் சொன்னேன். லைன்மேட்டுல இருந்து ஆளுகளத் திரட்டிக் கூட்டியாந்துட்டா. லைன்மேடுன்னா அந்தப் பழைய பாதை மேலேயே குடிசை போட்டு இருந்தாவள்லா, அவங்க. "வேண்டும் வேண்டும், ரயில் வேண்டும்"னு போட்டாவ பாருங்க ஒரு கோஷம், பாலமே அதிர்ந்துது. நாங்க பெரிய மனுசங்க சத்தம் போட்டா அந்த எடுப்பு வராது.

கடைசியில ரயில்வே ஒத்துக்கிட்டு. முதல் வேலையா பாதையில இருக்க ஆக்கிரமிப்பை எடுக்கணும்னாவ. லைன்மேட்டை எடுத்தாவ. எனக்கும் வருத்தம்தான். ஆனா அரசாங்க நிலத்துல உக்காந்துக்கிட்டு என் இடம்னு சொல்லப்பிடாதுல்லா? அதைத்தான் அன்னைக்குப் பேப்பர்காரங்ககிட்டச் சொன்னேன், படத்தோட போட்டாவ. அவங்களுக்கு முள்ளிவிளைக்கு அந்தப் பக்கம் மாடி வீடு குடுத்தாவ. லாரியில சாமான் ஏத்துத அன்னைக்கு எல்லாருக்கும் தக்காளிச் சாதம் நான்தான் போட்டேன். எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்?

மாடத்தி வந்து நின்னா. கையில ஒரு கோழி.

"அண்ணாச்சி, அவ்வளவு தூரத்துல கொண்டு போய் விடுதாவளே. வேலைக்கு எப்படி வருவேன்?"

"ஏன்ட்டி, ரயிலே உனக்காகத்தான வருது. அங்க ஏறு, சந்தைமுக்குல இறங்கு. மண்டபத்து வாசல்ல வந்து நிக்கும்"னேன்.

"நெசமாவா?"

"நான்தான தலைவரு, எனக்குத் தெரியாதா?"

சிரிச்சுக்கிட்டே லாரியில ஏறினா. அந்தக் கோழிய என் வீட்டுல குடுக்கச் சொல்லிட்டுப் போனா, மாடி வீட்டுல வளக்க முடியாதுன்னு. கோமதி அதை அறுக்க விடலை. கோமதிங்கிறது என் வீட்டம்மா. அவளுக்கு எல்லாத்துலயும் ஒரு சந்தேகம். அன்னைக்கே கேட்டா, "ஏங்க, அந்தப் பாதை லைன்மேட்டுல இருந்து நேரா வந்தா எங்கங்க வரும்? நம்ம பந்திக் கட்டு எது மேல நிக்கி?"

"உனக்கு என்ன தெரியும், போ"ன்னேன்.

பந்திக் கட்டுன்னா சாப்பாட்டுக் கூடம். மண்டபத்தை எங்க அப்பா கட்டினாரு. பந்திக் கட்டு நான் கட்டினது. அப்போ பின்பக்கம் பூரா எருக்கஞ்செடியும் பாம்புமாக் கெடந்துது. கேக்க நாதியில்லை. நான்தான் சுத்தம் பண்ணி, தரை போட்டு, கூரை போட்டு, ஃபேன் மாட்டினேன். லைன்மேட்டுக்காரங்க செஞ்சது ஆக்கிரமிப்பு தம்பி. நான் செஞ்சது பராமரிப்பு. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு.

இருங்க, வண்டி நகருது. இல்லை, முன்னாடி ஆட்டோதான் நகர்ந்துருக்கு.

அளக்கதுக்கு ஒரு பொண்ணு வந்துச்சு, ரயில்வே இஞ்சினியர். பிரிசில்லான்னு பேரு. தூத்துக்குடிப் பக்கம். மரியாதையான பொண்ணு. அது வந்த அன்னைக்கு மண்டபத்துல கல்யாணம், பந்தி நடந்துக்கிட்டிருக்கு. "பந்தி முடியட்டும் சார், காத்திருக்கேன்"னுச்சு. காத்திருக்கதா? நம்ம ஊர் ரயிலுக்கு வந்த பிள்ளை! இலை போட்டு உக்கார வச்சேன். அவியலை ரெண்டு தடவை வாங்கிச்சு, பாயசம் குடிச்சுது. கை கழுவிட்டு வந்து, டேப்பைப் பிடிச்சு, சுண்ணாம்புக் கோட்டை ஒரு பக்கச் செவருல இருந்து மறு பக்கச் செவரு வரைக்கும் போட்டுட்டு என்னைப் பாத்துச்சு.

"சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சு சார். ஆனா நாம உக்காந்து சாப்பிட்டது தண்டவாளத்து மேல."

"கொஞ்சம் வளைச்சு விடும்மா"ன்னேன்.

"ரயில மாட்டுவண்டி மாதிரி திருப்ப முடியாது சார்."

"லைன்மேட்டுக்காரங்களை எடுத்தாச்சே, இன்னும் எடம் பத்தலியா?"

"அது வேற எடம் சார். ரயில் அங்க இருந்து இங்க வரணும்லா."

"ஏழு வருஷம் இந்த ரயிலுக்காகப் பாடுபட்டவன் நான். என் மண்டபத்தையே இடிப்பேன்னு சொல்லுதியே!"

"மண்டபம் இல்லை சார், பின்பக்கம் மட்டும்தான். வாசல்லயே ஸ்டேஷன் வருது. உங்களுக்கும் நல்லதுதான"னுச்சு.

பந்தி இல்லாத கல்யாண மண்டபம் என்ன மண்டபம் தம்பி? தாலி கட்டினதும் ஜனங்க ரயிலேறி ஓட்டலுக்குப் போகவா?

சரி, போராட்டம்னு வந்தாச்சு. எனக்கென்ன புதுசா? பழைய பேனர் இருந்துது, துணி நல்லா இருந்துது, எழுத்தை மட்டும் மாத்தினேன். திருமணப் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு. ரயிலுக்கு நாங்க எதிரி இல்லை, ரயில் வரட்டும், ஆனா ஆயிரக்கணக்கான தம்பதிங்க முதல் முதலா ஒண்ணா உக்காந்து சாப்பிட்ட இடத்தை இடிக்கப்பிடாது. அதுதான் எங்க கொள்கை. நம்ம மண்டபத்துல கல்யாணம் பண்ணின ஜோடிங்களை எல்லாம் கூப்பிட்டேன். மாலை கழுத்துமா வாங்கன்னேன். வந்தாவ தம்பி! சில பேரு பேரன் பேத்தியோட வந்தாவ. பந்திக் கட்டுல வரிசையா உக்காந்து மறியல். இஞ்சினியர் பொண்ணும் இடிக்க ஆளோட வந்து நிக்கி. மத்தியானம் சாப்பாடு உண்டுன்னு சொல்லியிருந்தேன்.

அதுல ஒரு கூத்து. கருத்தப்பாண்டின்னு ஒருத்தன், மின்வாரியத்துல இருக்கான். கூட்டத்துக்கு நடுவுல எந்திச்சு, "இஞ்சினியரம்மா, இடிங்க. முதல்ல அந்த மணமேடைய இடிங்க, பந்திய அப்புறம் பாத்துக்கிடலாம்"னு கத்துதான். அவனும் அவன் பொண்டாட்டியும் கோர்ட்டுல நிக்காவன்னு எனக்கு யாரும் சொல்லலை. அடுத்த நிமிசம் பொம்பளைங்க வரிசையில இருந்து ஒரு குரல். "அந்த மனுசன் சொல்லுதது சரிதாம்மா, இடிங்க!" பாத்தா அவன் பொண்டாட்டி. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல ரெண்டு பேரும் ஒரே விசயத்தை ஒத்துக்கிட்டது அன்னைக்குத்தானாம். இஞ்சினியர் பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கி. சாயங்காலம் பாத்தா ரெண்டு பேரும் ஒரே ஸ்கூட்டர்ல ஏறிப் போறாவ. நம்ம மண்டபத்து ராசி அப்படி. கோர்ட்டு பிரிச்சுவைக்கப் பாத்துது, நம்ம பந்தி சேத்து வச்சுது.

நானும் கோர்ட்டுக்குப் போனேன். தடை கெடைச்சுது. இருக்க நிலைமை இருக்கட்டும்னு சொல்லிட்டாவ. ரயில்வேக்காரங்க எத்தனை நாள் காத்துக்கிட்டு இருப்பாவ? வேலை முடிஞ்ச வரைக்கும் ரயில விடுவோம்னு முள்ளிவிளையில இருந்து செங்கச்சூளை வரைக்கும் விட்டுட்டாவ. அதுதான் நீங்க இறங்கின இடம். அங்க இருந்து சந்தைமுக்கு ரெண்டு கல் தூரம் இருக்குமா? அந்த ரெண்டு கல்லுக்குத்தான் இப்ப நாம இந்தப் பஸ்ல வேர்த்துக்கிட்டு உக்காந்திருக்கோம்.

தொடக்க விழாவுக்கு என்னையும் மேடையில உக்கார வச்சாவ. ரயில் கொண்டுவந்தவர்னு சால்வை போட்டாவ. இஞ்சினியர் பொண்ணும் வந்திருந்துச்சு, வணக்கம் வச்சேன். "சாப்பாடு எப்படி சார் போவுது?"ன்னு கேட்டுச்சு. நல்லா போவுதும்மான்னேன். மரியாதையான பொண்ணுதான், ஆனா பேச்சுல என்னமோ ஒண்ணு இருக்கு.

இப்பப் பாருங்க, மாடத்தி கதைய. ரயில் வந்ததும் வேலைக்கு வந்தா, வராம இல்லை. ஆனா செங்கச்சூளையில இறங்கி, பஸ்ஸுக்கு நின்னு, பெரியபாலத்துல மாட்டி, மண்டபத்துக்கு வந்து சேரும்போது மொதப் பந்தி எந்திச்சிருக்கும். விடியக்காலம் நறுக்க வேண்டிய காயை யாரு நறுக்க? நானும் பொறுத்துப் பாத்தேன். ஒருநாள் சொல்லிட்டேன்.

"ஏட்டி, நேரத்துக்கு வரணும். இல்லைன்னா கஷ்டம்."

"வாசல்ல வந்து நிக்கும்னீங்களே அண்ணாச்சி?"

"ரயில்வேக்காரன் ஏமாத்திட்டான். அதுக்கு நான் என்ன செய்ய?"

அரிவாமணையக் கழுவி, சாத்தி வச்சுட்டுப் போயிட்டா. கோமதிதான் ரெண்டு நாள் என்கூடப் பேசலை. ஏன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலை.

இதுக்கு மேலதான் துரோகம். என் சகலை சொர்ணமூர்த்தி, கோமதியோட தங்கச்சி வீட்டுக்காரன், அந்தச் செங்கச்சூளையில ஸ்டேஷனை ஒட்டி இடத்தை வாங்கி ஒரு மண்டபத்தைக் கட்டிப்புட்டான். ரயிலடி மகால். பாத்திருப்பீங்களே, மஞ்சப் பெயிண்ட். முள்ளிவிளைப் பக்கத்து ஜனம் பூரா ரயில்ல வருது, இறங்குது, தாலி கட்டுது, சாப்பிடுது, ரயிலேறிப் போவுது. யாரும் டவுனுக்குள்ள வாறதே இல்லை. நான் ஏழு வருஷம் வேகாத வெயில்ல கத்தினதுக்கு அவன் பந்தி போடுதான். நம்ம மண்டபத்துல இந்த ஆவணியில ஒரு காதுகுத்தும் ஒரு சங்கக் கூட்டமும்தான். பந்திக் கட்டு அப்படியே இருக்கு, பிள்ளைங்க பூப்பந்து விளையாடுது.

இன்னைக்கு அங்க கல்யாணத்துக்குத்தான் போயிட்டு வாறேன். சொந்தம், போகாம இருக்க முடியாது. பந்தியில உக்காந்தா, கூட்டு வைக்கதுக்கு யாரு வாறா? மாடத்தி! நல்ல சேலை கட்டி, பின்னால நாலு பிள்ளைங்க வாளியோட. சமையல்கட்டு பூரா இப்ப அவ பொறுப்புலதானாம். வீட்டுல இருந்து ஏறினா கால் மணி நேரத்துல வந்துருதாளாம்.

"நல்லா இருக்கீங்களா அண்ணாச்சி? கோழி இருக்கா?"ன்னா.

"இருக்கு, முட்டை வைக்கி. ஏட்டி, திரும்ப நம்ம மண்டபத்துக்கு வந்துரு. அங்கதான உனக்கு எல்லாம் பழக்கம்."

அவ இலையில இன்னொரு கரண்டி கூட்டு வச்சா. "வாறேன் அண்ணாச்சி. ரயில் அங்கன வரட்டும், மொத ரயில்ல வாறேன்."

பாத்தீங்களா! படிக்காதவ, அவளுக்கு இருக்க ரயில் ஆசை இந்த ஊர்ல படிச்சவனுக்கு இல்லை. கை கழுவும்போதே முடிவு பண்ணிட்டேன். ரயில் டவுனுக்குள்ள வந்தாகணும். திரும்ப ஒரு குழு. இந்தத் தடவை ரயில்னு கேக்க மாட்டேன், டிராம்னு கேப்பேன். ரயில் வளையாது, அந்தப் பொண்ணு சொன்னது சரிதான். ஆனா டிராம் வளையும் தம்பி! தெருவுக்குள்ளயே ஓடும். நம்ம மெட்ராஸ்ல ஓடலியா? செங்கச்சூளையில இருந்து இடது பக்கமா வளைச்சு, பந்திக் கட்டு மேல போகாம, பொன்னகரம் நாலாவது தெரு வழியா விட்டா, சுத்தி வந்து நம்ம மண்டபத்து முன்வாசல்ல நிக்கும். தெரு கொஞ்சம் குறுகல். ஒரு பக்க வீடுங்களை எடுத்தாப் போதும். அங்க இருக்கவங்களும் பெருசா ஒண்ணும் எதிர்ப்புச் சொல்ல மாட்டாவ, எல்லாம் இப்பத்தான் வெளியூர்ல இருந்து வந்து வீடு கட்டினவங்க.

நீங்க ரயில்ல என்ன வேலையா வந்தீங்க? புது வீட்டுக்குக் குடி வரவா? நல்லது, நல்லது. பால் காய்ச்சியாச்சா? எந்தப் பக்கம் வீடு?

பொன்னகரமா?

எத்தனாவது தெரு?

அட! கெழக்குப் பாத்த வீடா, மேக்குப் பாத்த வீடா? ஏன் கேக்கேன்னா, எந்தப் பக்கத்தை எடுக்கதுன்னு நான் இன்னும் முடிவு பண்ணலை. ஏன் எந்திரிக்கீங்க? இங்க இறங்கி எங்க போவீங்க, பாலத்து நடுவுல நிக்கோம். உக்காருங்க தம்பி, முகம் ஏன் இப்படிப் போவுது? ஊரு நல்லா இருக்கணும்னா யாராவது ஒருத்தர் விட்டுக் குடுக்கணும்லா.